தரானில் ஒரு கோத்திமோரா செய்யச் சொன்ன கதை

கோத்திமோரா என்பது வெள்ளி வேலைப்பாடு போட்ட உறையோடு வரும் குக்ரி, அதாவது நேபாளத்து வளைந்த கத்தி. கூர்க்காப் படைகளில் பணி முடித்துக் கிளம்பும் அதிகாரிகளுக்கு இதைக் கொடுத்து அனுப்புவது வெகுநாள் வழக்கம். ராணுவக்காரர்கள் வீட்டு ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது வெள்ளிதான். செய்யச் சொல்லப் போகிறவர்களும் வெள்ளி எவ்வளவு, என்ன டிசைன் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் சொல்வேன், முதலில் இரும்பைப் பாருங்கள். வெள்ளி அப்புறம். வெள்ளியில் குறை இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், நம்மூர்த் தட்டாரிடம் கொடுத்துக்கூடச் சரிபண்ணலாம். இரும்பில் குறை இருந்தால் கையில் இருப்பது ஒரு அலங்காரப் பெட்டி, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது அத்தானின் மணிவிழாவை ஒட்டி. அக்காவின் கணவர் கூர்க்கா ரைபிள்ஸ் பட்டாலியன் ஒன்றில் இளம் அதிகாரியாகச் சேர்ந்து கர்னலாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நேரத்தில் பட்டாலியனை விட்டு எங்கோ ஒரு தலைமையக வேலையில் இருந்தார். அங்கே சால்வை போர்த்தி, ஒரு தட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பழைய நண்பர்கள் வீட்டுக்குப் போய் வந்தால் அங்கே பார்த்த கோத்திமோராவைப் பற்றி அக்காவிடம் இரண்டு நாள் பேசுவாராம். நான் அப்போது சிலிகுரியில் வேலையில் இருந்தேன். நேபாள எல்லை கூப்பிடு தூரம். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அறுபதாம் கல்யாணத்துக்குப் போய் யாராவது கத்தியைக் கொடுப்பாங்களாடி?" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கூர்மையான பொருளைக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பது அவள் கட்சி. வாங்கிக்கொள்கிறவர் பதிலுக்கு ஒரு ரூபாய் கொடுத்துவிட்டால் விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும் என்று பெரியம்மா வழி சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள்.

காட்மாண்டுவில் தமேல் பக்கம் போனால் கடைக்குக் கடை குக்ரி தொங்கும். பெரும்பாலானவை சுற்றுலாக்காரர்களுக்கானவை. அதில் ஒரு கடையில் கோத்திமோரா படங்களைக் காட்டி, எல்லாம் அசல் வெள்ளி என்று சத்தியம் செய்தார்கள். "சரி, பில்லில் வெள்ளி, இத்தனை தோலா என்று எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். பேச்சு மெல்ல 'ஒயிட் மெட்டல்' பக்கம் நகர்ந்தது. ஒயிட் மெட்டல் என்று இப்படி விற்பது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர், அதாவது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். வெள்ளி மருந்துக்கும் கிடையாது. பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். அதில் செய்த உறை மட்டம் என்று சொல்லமாட்டேன், வெள்ளி விலைக்கு விற்பதுதான் மட்டம். அந்த ஒரு கேள்வியிலேயே கடை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது. எங்கே போனாலும் முதலில் அதைக் கேளுங்கள்.

குக்ரிக்குப் பெயர் வாங்கிய இடம் கிழக்கு நேபாளம். மலைமேல் போஜ்பூர், மலையடிவாரத்தில் தரான். தரானில் பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் கூர்க்கா முகாம் இருந்தது. அந்த இடத்தில்தான் இப்போது பி.பி. கொய்ராலா மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டுப் படையில் சேர்ந்தவர்களை நேபாளத்தில் லாஹுரே என்பார்கள். தரான் லாஹுரேக்களின் ஊர். ஓய்வு பெற்ற சிப்பாய் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு. கோத்திமோரா எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த வாடிக்கையாளர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள் என்பது, செய்யச் சொல்லப் போகிற நமக்குப் பெரிய பாதுகாப்பு. சிலிகுரியிலிருந்து பானிடங்கி, மேச்சிப் பாலம் தாண்டினால் காக்கர்பிட்டா. அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இட்டஹரி வரை பஸ், இட்டஹரியில் வடக்கே திரும்பினால் தரான். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. அடையாள அட்டை கையில் இருந்தால் போதும்.

கொல்லுப்பட்டறையை அங்கே ஆரன் என்கிறார்கள். நான் போன ஆரன் ஊரின் மேட்டுப் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு தாழ்வாரம். பட்டறையின் பெரியவர் விஸ்வகர்மா. நேபாளத்தில் அந்தக் குடும்பப் பெயரை பி.கே. என்று சுருக்கிவிடுகிறார்கள். நான் அவரைத் தாஜு, அண்ணன், என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பஹினி என்றார். தங்கச்சி. இந்தியும் நேபாளியும் கலந்து பேச்சு ஓடியது.

அவர் டிசைன் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. "இதால என்ன வெட்டப் போறாங்க, பஹினி?"

"எதையும் வெட்டப் போறதில்லை தாஜு. கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம்."

"அப்படின்னா தகரத்துலயே செஞ்சுடலாமே" என்றார், சிரிக்காமல்.

வெட்டாத குக்ரியை அவர் செய்வதில்லை. வெள்ளி உறைக்குள் போகிற கத்திக்கும் விறகு பிளக்கிற கத்திக்கும் இரும்பு வேலை ஒன்றுதான், வித்தியாசம் உறையிலும் மெருகிலும் மட்டுமே என்பது அவர் கணக்கு. இந்த ஆளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது. நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும், கத்தியை எதற்கு என்று கேட்கிறார்களா என்று கவனியுங்கள். அளவையும் டிசைன் நம்பரையும் மட்டும் குறித்துக்கொள்கிற இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது அலமாரியில் ஏற்கெனவே இருப்பதாக இருக்கலாம்.

அப்புறம் அவர் வீட்டுக் குக்ரிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். வயிறு அகன்ற போஜ்பூரே கைக்குக் கனம், வெட்டு விழுந்தால் ஆழமாக விழும். சிரு என்கிற புல்லின் இலை வடிவில் ஒல்லியாக நீளும் சிருபாத்தே லேசு, பார்க்கவும் அழகு. பிளேடின் பக்கவாட்டில் ஓடும் வாய்க்கால் போன்ற பள்ளத்துக்குச் சிர்ரா என்று பெயர். ஒன்று, இரண்டு, மூன்று சிர்ரா என்று ஏறும். மூன்று சிர்ராவை ஒழுங்காக எடுக்கக் கைத்திறன் வேண்டும், கூலியும் கூடும். பிடிக்குப் பக்கத்தில் வாயில், அதாவது பிளேடின் கூர்ப்பக்கத்தில், இருக்கும் அந்தச் சின்ன வெட்டு எதற்கு என்று கேட்டேன். சிவனின் சூலம், பசுவின் குளம்பு, ரத்தம் பிடிக்கு வழியாமல் நிறுத்த என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். தாஜு தோளைக் குலுக்கிவிட்டு, "அது இல்லேன்னா குக்ரி இல்லை" என்றார். உருவினால் ரத்தம் பார்க்காமல் உறையில் போடக் கூடாது என்று சுற்றுலாக் கடைகளில் சொல்லும் கதையும் அப்படித்தான். மலைக் கிராமத்தில் அதே குக்ரியால் காலையிலிருந்து விறகும் கீரையும் மூங்கிலும் வெட்டுகிறார்கள்.

நாங்கள் சிருபாத்தே என்று முடிவு செய்ததற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான பிளேடு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. குக்ரி, கிர்பான் இரண்டையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் வெள்ளி உறை போட்ட குக்ரியைக் காட்டி, இது தேங்காய் உடைக்க என்று யாரிடம் சொல்வது? எதற்கு வம்பு என்று பிளேடு 9 அங்குலத்துக்குள், அகலம் 2 அங்குலத்துக்குள் என்று சொல்லிவிட்டோம். போஜ்பூரே வயிறு அந்த அகலத்துக்குள் அடங்காது. சிருபாத்தே அடங்கும். நீளத்தை எப்படி அளப்பது என்பதையும் பேசிவிடுங்கள். வளைவோடு டேப் பிடித்தால் ஒரு கணக்கு, பூணிலிருந்து நுனிக்கு நேர்கோட்டில் பிடித்தால் வேறு கணக்கு. சில இடங்களில் பிடியோடு சேர்த்துச் சொல்வார்கள். நான் தாளில் பிளேடை அசல் அளவில் வரைந்து, இரண்டு முனைக்கும் நடுவே கோடு போட்டு, அதன்மேல் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

இரும்பு எது என்றால் லாரிப் பட்டை. நம்மூர் அரிவாள் பட்டறைகளிலும் அதுதானே. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் துண்டு போட்டு, கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் குறடு பிடிக்க இன்னும் இருவர் மாறி மாறிச் சம்மட்டி போட்டார்கள். துருத்திக்குப் பதில் மின்சார ஊதி, மற்றபடி பழைய முறைதான். அடித்து உருவம் வந்தபின் அரம் போட்டுத் தேய்ப்பது நீண்ட வேலை, பார்க்கச் சுவாரசியம் இல்லை. தோய்ச்சல் போடுவதுதான், அதாவது பழுத்த இரும்பைத் தண்ணீர் காட்டிக் கடினமாக்குவதுதான், பார்க்க வேண்டியது. பட்டறைக்காரர் அனுமதித்தால் அந்த நேரத்துக்கு எப்படியாவது அங்கே இருங்கள்.

டீக்கடையில் இருப்பது மாதிரி, மூக்கு நீண்ட ஒரு கெண்டி. அதில் சூடான தண்ணீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வாய் வெடித்துவிடும் என்றார் தாஜு. பிளேடு முழுவதும் ஒரே சீராகச் சிவந்ததும் குறட்டால் எடுத்து, வாய்ப்பக்கம் மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டார். கெண்டியை இன்னொரு கையில் சாய்த்து, பிடிப்பக்கத்திலிருந்து நுனிக்கும் நுனியிலிருந்து பிடிப்பக்கத்துக்கும் மெல்லிய நூலாகத் தண்ணீரை ஓட்டினார். தண்ணீர் வாய்மேல் மட்டும் விழுகிறது. வாய் கறுக்கிறது, முதுகு இன்னும் சிவப்பாக இருக்கிறது. ஆவி மூஞ்சியில் அடிக்கிறது, அவர் கண்ணைச் சிமிட்டவில்லை. நிறுத்தினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெதுவாக வாய்ப்பக்கம் இறங்கியது, கறுப்பின்மேல் ஒரு நிறம் ஓடியது. மறுபடி கொஞ்சம் தண்ணீர். பிறகு வாயில் அரத்தை வைத்து இழுத்தார், அரம் பிடிக்காமல் வழுக்கியது. முதுகில் வைத்து இழுத்தார், பிடித்தது. வாய் கடினம், முதுகு மெத்து. வெட்டும்போது அதிர்ச்சியை முதுகு வாங்கிக்கொள்ளும், வாய் கூர் மழுங்காமல் நிற்கும். மொத்தப் பிளேடையும் எண்ணெயில் முக்கி எடுத்தால் இந்த வித்தியாசம் வராது.

ஒரு கோத்திமோரா ஒரு ஆள் செய்வதல்ல. பிளேடு காமி என்கிற கொல்லருடையது. உறைக்கு இரண்டு மரத்துண்டுகளைக் குடைந்து ஒட்டி, மேலே எருமைத் தோல் போர்த்துவது சார்க்கிகளின் வேலை. வெள்ளி சுனாருடையது. எங்கள் கத்தி இப்படி மூன்று வீடு ஏறி இறங்கியது. இந்த மூன்று சாதியும் நேபாள மலைப்பகுதியில் தலித் பட்டியலில் இருப்பவை. தீண்டாமையை 1963-லேயே சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள், 2011-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆனாலும் நம் நவராத்திரி சமயத்தில் வரும் தசைன் பண்டிகையில், பூஜையில் குக்ரிக்குக் குங்குமம் வைக்கும் வீடுகளில், அதைச் செய்தவரை வாசலோடு நிறுத்துவது முழுக்க ஒழிந்துவிடவில்லை. பேரம் பேசுகிறபோது இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் இரும்புக் கூலியில் பேரம் பேசவில்லை. மொத்தச் செலவில் அதன் பங்கு நாலில் ஒன்றுகூட இல்லை, அதில் கை வைத்து என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்? இடையில் கடைக்காரர் இருந்தால், கொல்லருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதிலும் தப்பில்லை.

வெள்ளி விஷயத்தில் கறாராக இருங்கள். நேபாளத்தில் தோலாக் கணக்கு, ஒரு தோலா 11.66 கிராம். நம் நகைக்கடைபோலவே அங்கும் செய்கூலி, சேதாரம் உண்டு. அவர்கள் ஜியாலா, ஜர்தி என்கிறார்கள். ஜர்தி எத்தனை சதவீதம் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ரொம்ப முக்கியமான விஷயம், வெள்ளி மரத்தின்மேல் ஏறிவிட்டால் பிறகு எடை போட முடியாது. உறையோடு சேர்த்து எடை போட்டால் மரம், தோல், வெல்வெட் எல்லாம் வெள்ளி விலையில் வரும். அதனால் தகட்டு வேலை முடிந்து, உறைமேல் பொருத்துவதற்கு முன் கூப்பிடச் சொன்னேன். அரக்குமேல் தகட்டைப் பதித்து, சின்னச் சின்ன உளியால் தட்டித் தட்டி மயிலும் கொடியும் எழுப்பியிருந்தார் சுனார். அரக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தகடுகளை மட்டும் தராசில் வைத்துக் காட்டினார். நேரில் போக முடியாதவர்கள் வீடியோ காலில் பார்க்கலாம். பில்லில் எடையும் தரமும் தனித்தனியாக இருக்க வேண்டும். சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், சீக்கிரம் நசுங்கும். 925 தரம் இதற்குப் போதும்.

விலை சொல்லும்போது ஐ.சி.யா, என்.சி.யா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியப் பணமா, நேபாளப் பணமா என்று அர்த்தம். கிழக்கே எல்லைப் பக்கம் இரண்டும் பேச்சில் புழங்கும். இந்திய 100 ரூபாய்க்கு நேபாள 160 என்பது 1993-லிருந்து மாறாத கணக்கு. எதில் பேசுகிறோம் என்று தெரியாமல் தலையாட்டினால் விலை ஒன்றரை மடங்குக்கு மேல் எகிறும்.

பிடிக்கு எருமைக் கொம்பு, சீசம் மரம் இரண்டும் காட்டினார்கள். கொம்பு கறுத்து மின்னும், கோத்திமோராவுக்குப் பொருத்தமும் அதுதான். ஆனால் மிகவும் உலர்ந்த ஏசி அறையில் சுருங்கி வெடிப்பு விடலாம். அத்தானும் அக்காவும் இருப்பது குன்னூரில். அங்கே ஈரத்துக்குக் குறைவில்லை என்பதால் கொம்பையே எடுத்தோம். பழைய கோத்திமோராக்களில் தந்தப் பிடி இருந்திருக்கிறது. இன்று யாராவது தந்தம் இருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பில்லில் 'எருமைக் கொம்பு' என்று எழுதி வாங்குவதும் நல்லது. பிளேடின் காம்பு பிடிக்குள் பாதியில் நிற்காமல் அடிவரை போய், அடிப்பூணுக்கு வெளியே அடித்து மடக்கப்பட்டிருக்கட்டும். உள்ளே நிரப்புவது லாஹா என்கிற அரக்கு. அது நல்ல பிடிமானம், ஆனால் சூட்டில் இளகும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் பிடி ஆடத் தொடங்கும்.

எழுத்துப் பொறிப்பது தனிக் கதை. கூர்க்காக்களின் 'காயர் ஹுனு பந்தா மர்னு ராம்ரோ' என்ற வாசகத்தை, கோழையாய் இருப்பதைவிடச் சாவது மேல் என்பதை, தேவநாகரியில் கண்ணை மூடிக்கொண்டு பொறிப்பார்கள். அறுபதாம் கல்யாணப் பரிசில் சாவு எதற்கு என்று அதை விட்டுவிட்டோம். அக்காவுக்குத் தமிழில் 'மணிவிழா வாழ்த்துகள்' என்று ஒரு வரி வேண்டும். டிரேசிங் தாளில் அசல் அளவில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். முதலில் ஒரு பித்தளைத் துண்டில் வெட்டிக் காட்டச் சொன்னேன். எழுத்துகள் அச்சில் வார்த்ததுபோல் வந்திருந்தன, புள்ளி மட்டும் ஒன்றுகூட இல்லை. 'வாழததுகள' என்று இருந்தது. தாளில் இங்க் சிந்திய பொட்டு என்று நினைத்துப் பொறிப்பவர் கவனமாக விட்டிருக்கிறார்! தமிழ் தெரியாதவரிடம் தமிழ் கொடுப்பவர்கள், வெள்ளியில் கை வைக்கும் முன் பித்தளையில் ஒரு மாதிரி கேட்டே தீர வேண்டும். வருடத்தையும் கவனியுங்கள். நேபாளத்தில் விக்ரம் சம்வத், நம் கணக்கைவிட 57 வருடம் போல முன்னால் ஓடுகிறது. சும்மா 'வருடம் போடுங்க' என்றால் 2080-களில் ஏதோ ஒன்று உறைமேல் ஏறிவிடும்.

தவணை பேசும்போதும் இதே நாட்காட்டி குறுக்கே வரும். 'கார்த்திக் 15' என்று அவர் சொல்வது அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாக்கில் வரும். இரண்டு தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் தசைன், அதன் பின்னாலேயே திகார், நம் தீபாவளி. அந்தக் காலத்தில் பட்டறை ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். நம் ஆயுத பூஜை நாளில்தான் அங்கே நவமி. கருவிகளும் குக்ரிகளும் பூஜையில் இருக்கும். பிறகு மங்சீர் மாதம், நம் கார்த்திகை வாக்கில், கல்யாண சீசன், சுனாருக்கு நகை வேலையில் மூச்சுவிட நேரம் இருக்காது. இரும்பு சீக்கிரம் முடிந்துவிடும், வெள்ளிதான் இழுக்கும். விழா தை மாதம் என்றால், ஆவணிக்குள் வெள்ளி வேலை தொடங்கியிருக்க வேண்டும். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். பிளேடுக்கும் உறைக்கும் முன்பணம், வெள்ளி வாங்க ஒரு பங்கு, கையில் வாங்கும்போது மீதி.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். உறையிலிருந்து உருவ ஒரு முறை இருக்கிறது. உறையை அதன் முதுகுப் பக்கத்தில் பிடிக்க வேண்டும், விரல்கள் வாய்ப்பக்கம் சுற்றி வரக் கூடாது. ஒட்டிய மரம் தானே, கூர் வாய் உறையைப் பிளந்துகொண்டு விரலுக்கு வரலாம். பிளேடை வெளிச்சத்துக்கு நேராக நீட்டி முதுகோடு கண்ணை ஓட்டினால் கோணல் தெரிந்துவிடும். நுனியிலும் வாயிலும் நீலம் பாய்ந்த நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மெருகு வேண்டும் என்று சக்கரத்தில் அழுத்தித் தேய்க்கும்போது சூடேறி, போட்ட தோய்ச்சல் அங்கே இறங்கிப் போயிருக்கும். கோத்திமோராவில் இது நடக்க வாய்ப்பு அதிகம், மெருகு அதிகம் கேட்பது அதற்குத்தான். பிடியைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கடகட சத்தம் வரக் கூடாது. உறையைத் தலைகீழாகப் பிடித்தால் கத்தி தானாக நழுவவும் கூடாது, உருவ மல்லுக்கட்டவும் கூடாது. பக்கத்துச் சின்னப் பைகளில் கர்தா, சக்மக் என்று இரண்டு குட்டிகள் இருக்கும். கர்தா சின்னக் கத்தி, சக்மக் கூர் இல்லாதது, வாயை நீவிவிடவும் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டவும். மலிவான உருப்படிகளில் இரண்டையும் பொம்மையாகச் செய்து சொருகிவிடுவார்கள். எங்களுடையதில் கர்தாவுக்கும் தாஜு தோய்ச்சல் போட்டிருந்தார். கிளம்பும் முன் மூங்கில் கழி ஒன்றை நிறுத்தி, குக்ரியால் ஒரே வீச்சில் சாய்த்துக் காட்டினார். பிறகு வாயைத் துடைத்து, பட்டை தீட்டி, எண்ணெய் தடவிக் கொடுத்தார்.

கொண்டுவருவதில் மர்மம் ஒன்றுமில்லை. எல்லையில் பையைத் திறக்கச் சொன்னால் பில்லை முதலில் நீட்டுங்கள், கத்தியை அல்ல. புதிதாகச் செய்தது என்று பில்லில் இருக்கட்டும். 100 வருடத்துக்கு மேற்பட்ட பொருளை நேபாளத்திலிருந்து எடுத்து வரத் தடை உண்டு, வேலைப்பாட்டைப் பார்த்துப் பழசு என்று சந்தேகம் வந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது, செக்-இன் பெட்டிக்குள் நன்றாகச் சுற்றிக் கட்டி வையுங்கள். கூரியரில் அனுப்பலாம் என்று நினைத்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கத்தி என்றதும் கையை விரிப்பவர்கள் உண்டு.

குன்னூர் மூடுபனியில் இரும்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே பெரிது. இது எவர்சில்வர் இல்லை, விரல் பட்ட இடம்கூடத் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை உருவி, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவுகிறார் அத்தான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து நாறும். கத்தியை உறையிலேயே விட்டுவைத்தால் தோலின் ஈரம் இரும்பை அரிக்கும். பெட்டிக்குள் உறையையும் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே நல்லது. வெள்ளி கறுத்தால் அம்மா விபூதி போட்டுத் தேய்க்கச் சொல்வாள். குத்துவிளக்குக்கு, தட்டுக்குச் சரி. கொடி வேலைப்பாட்டின் இடுக்குகளில் விபூதி புகுந்தால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும். மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும். முக்கி எடுக்கும் திரவப் பாலிஷ் கூடவே கூடாது, அடியில் இருக்கும் வெல்வெட் வீணாகிவிடும்.

விழாவில் அத்தான் ஒரு ரூபாயை என் கையில் வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார், அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். குக்ரி இப்போது ஹாலில். கர்தா மட்டும் அங்கே இல்லை. அதை அக்கா சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டாள், பேரிக்காய் நறுக்க அதைவிட நல்ல கத்தி வீட்டில் இல்லையாம். உறையில் அந்த இடம் காலியாக இருப்பது அத்தானுக்குப் பொறுக்கவில்லை. தரானுக்குப் போன் போட்டு இன்னொரு கர்தா சொல்லியிருக்கிறேன். தசைன் முடிந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறார் தாஜு.